ஷேக் வீட்டுக் காப்பி

ஜனவரி 17, செவ்வாய்

துபாய் வந்து சேர்ந்தாகிவிட்டது. இந்த டைரி செண்பா கொடுத்தது. மதுரை விமான நிலைய வாசலில் வைத்து, "அப்பா, அங்க பாக்குறது எல்லாத்தையும் எழுதுங்க. வந்ததும் நான் வாசிக்கணும்" என்று கையில் திணித்தாள். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து பெஞ்சைத் தேய்த்தவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் லாரியில் எத்தனை பண்டல் ஏறியது என்பது மட்டும்தான். ஆனாலும் மகள் கேட்டுவிட்டாள். ஏற்றிவிடுவோம்.

என்னை அனுப்பும்போது அப்படி அழுதாள். "ஏட்டி, நான் என்ன பட்டாளத்துக்கா போறேன்? உங்கண்ணனைப் பாத்துட்டு ரெண்டு வாரத்துல வந்துருவேன்" என்றேன். அதற்கும் அழுதாள். இப்படிப் பாசமான பிள்ளை யாருக்குக் கிடைக்கும்? என் வீட்டுக்காரி கோமு மட்டும் அழவில்லை. அவளுக்கு முழங்கால் வலி, விமானத்தில் உட்கார முடியாது என்று வீட்டில் நின்றுகொண்டாள். எனக்கு எந்த வலியும் இல்லாததால் அனுப்பிவிட்டார்கள்.

சோதனையில் என் பையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஊருக்கே தீப்பெட்டி செய்கிற ஊர்க்காரன், ஒரு பெட்டியோடு எல்லை தாண்ட முடியவில்லை. கடலைமிட்டாயை விட்டுவிட்டார்கள்.

இருபத்தெட்டாம் தேதி திரும்ப வேண்டும். இருபத்தொன்பது ஞாயிற்றுக்கிழமை சாத்தூரிலிருந்து செண்பாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். தகப்பன் இல்லாமல் அது நடக்குமா?

ஜனவரி 18, புதன்

மகன் ஆவுடையப்பனை அவன் ஆபீஸில் எல்லாரும் 'அப்பன்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். போனில் எவனோ 'ஹலோ அப்பன்' என்கிறான். இந்த வீட்டில் அப்பன் யார் என்று எனக்கே குழப்பம் வந்துவிட்டது.

வீடு ஒரு ஹால், ஒரு படுக்கையறை. ஹாலில் எனக்குக் கட்டில். மருமகள் தாரணி காப்பியைப் பீங்கான் கப்பில் தருகிறாள். நம் வீட்டில் பூப்போட்ட கப்பும் சாசரும் ஷோகேஸை விட்டு இறங்குவது சம்பந்தகாரர்கள் வந்தால்தான். எனக்கு என் டம்ளர்தான் வேண்டும். 'பா.வ.' என்று எழுத்து வெட்டிய எவர்சில்வர் டம்ளர். பால்வண்ணநாதன் என்று முழுதாக வெட்டக் கடைக்காரன் எழுத்துக்கு இவ்வளவு என்று கேட்டதால் பா.வ.வோடு நிறுத்திக்கொண்டேன்.

என் போன் இங்கே வேலை செய்யவில்லை. "புது சிம் வாங்கணும்னா ரொம்பச் சடங்குப்பா, என் போன்லயே பேசிக்கிடுங்க" என்றான் ஆவுடை. சரி.

ஜனவரி 21, சனி

இன்று ஷேக் வீடு பார்த்தோம். இந்த ஊரை அந்தக் காலத்தில் ஆண்ட ஒரு ஷேக் குடியிருந்த வீடு. இப்போது மியூசியம். கடல் உள்ளே நுழைந்து ஆறு மாதிரி கிடக்கிற இடத்தின் கரையில் இருக்கிறது. அரண்மனை என்று நினைத்துத் தலையை நன்றாக வாரிக்கொண்டு போனேன். போனால், நம்ம ஊர்ப் பெரிய பண்ணையார் வீட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நடுவில் மணல் முற்றம், சுற்றிலும் அறைகள். கூரைக்கு மேலே நாலு பக்கமும் திறந்த கோபுரம். வீசுகிற காற்றைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்குமாம். அதன் அடியில் நின்றேன். மின்விசிறிக்குக் கரண்ட் பில் கட்டாத ராஜா.

வாசலை ஒட்டி ஒரு பெரிய அறை. மஜ்லிஸ் என்கிறார்கள். சுவரோரம் சுற்றிலும் சிவப்பு மெத்தை, திண்டு. வருகிற விருந்தாளியை உட்கார வைக்கிற இடம். அங்கே ஒருவர் நீண்ட வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, மூக்கு நீண்ட பித்தளைக் கூஜாவில் காப்பி ஊற்றினார். எனக்குப் பயபக்தியாக இருந்தது. ஷேக்கின் வாரிசோ என்று எழுந்து கும்பிட்டேன்.

"இரிக்கு அண்ணாச்சி. நான் பாலக்காடு" என்றார். பெயர் மொய்தீன்குட்டி.

சின்னக் கப்பு, கைப்பிடி இல்லாதது. ஏலக்காய் போட்ட கசப்புத் தண்ணீர். குடித்தேன். உடனே ஊற்றினார். ஊற்றியதை வைத்தால் மரியாதையில்லை என்று குடித்தேன். மறுபடி ஊற்றினார். குடித்தேன். பாலக்காட்டுக்காரருக்கு என்மேல் ஏதோ பிரியம் என்று நினைத்தேன். வியர்த்துவிட்டது. நெஞ்சு லாரி என்ஜின் மாதிரி அடித்தது. ஆவுடையும் தாரணியும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

"அண்ணாச்சி, மதியெங்கில் கப்பை இப்படி ஆட்டணும்" என்று மொய்தீன் கடைசியில் இரக்கப்பட்டுச் செய்து காட்டினார். காலிக் கப்பை இரண்டு விரலில் பிடித்து, இடமும் வலமுமாக லேசாக ஒரு ஆட்டு. போதும் என்று வாயால் சொல்லக் கூடாதாம். ஆட்டாதவரைக்கும் ஊற்றுகிறவர் ஊற்றிக்கொண்டே இருப்பார்.

ஆட்டினேன். கூஜா விலகியது. இவ்வளவுதானா! நம்ம ஊரில் 'போதும்' என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் இன்னும் ஒரு தோசை விழுகிறது.

கப்பைக் கழுவித் தரலாம் என்று எழுந்தேன். மொய்தீன் பதறிப்போய்ப் பிடுங்கினார். "விருந்துகாரன் கப்பு கழுவக் கூடாது அண்ணாச்சி. அது வீட்டுக்காரனுக்குக் குறைச்சல்."

அப்போது ஒரு ஞாபகம் வந்தது. போன மழைக்காலத்தில் செண்பாவை ஸ்கேன் சென்டரிலிருந்து ஒரு பையன் பைக்கில் கொண்டுவந்து விட்டான். கூட வேலை பார்க்கிறவன், மாரீஸ்வரன் என்று பேர். நனைந்திருந்தான். செண்பா டீ கொடுத்தாள். குடித்து முடித்ததும் அவனாகவே எழுந்து பின்பக்கக் குழாயில் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். நல்ல பழக்கமான பையன். சாதியில் வேறே ஆளுதான், இருந்தாலும் நல்ல பழக்கம். வேண்டாம் தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

ஜனவரி 22, ஞாயிறு

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஷேக் காப்பி.

ஜனவரி 24, செவ்வாய்

கோமுவோடு வீடியோவில் பேசினேன். அவளுக்குப் பின்னால் சுவர் பளீரென்று இருந்தது.

"வெள்ளையடிச்சிருக்கா?"

"ஆமா. சாத்தூர்க்காரக வாராகள்ல."

"நான் வந்து அடிக்கலாம்னு இருந்தேனே."

"நீங்க அடிச்சா சுவத்துல பாதி, உங்க மேல பாதி" என்றாள். நியாயம்தான்.

பிறகு, "உங்க பட்டு வேட்டி எங்க வச்சிருக்கீக?" என்று கேட்டாள்.

"பீரோல, மேல் தட்டுல. எதுக்கு?"

"வெயில்ல போட்டு எடுக்கணும். பூச்சி அரிச்சிரும்."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என் வேட்டியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாள். மனுஷன் கொஞ்சம் தள்ளி இருந்தால்தான் மதிப்பு. செண்பாவைக் கூப்பிடச் சொன்னேன். குளிக்கிறாள் என்றாள்.

ஜனவரி 25, புதன்

சாத்தூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வரவில்லையாம். அவர்கள் வீட்டில் யாரோ பங்காளி இறந்து தீட்டாம். கோமு சொன்னதாக ஆவுடை வந்து சொன்னான். சொல்லி முடித்த கையோடு, "அதான் அவசரமில்லையேப்பா. டிக்கெட்டை நாலாம் தேதிக்கு மாத்திட்டேன்" என்றான்.

"என்னைக் கேக்காமலா?"

"ஷேக் வீடு இன்னொரு தடவை பாக்கணும்னு சொன்னீங்களே?"

சொன்னேன்தான். நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு இவ்வளவு மரியாதை இந்தக் குடும்பத்தில் இதுவரை கிடைத்ததில்லை.

ஜனவரி 26, வியாழன்

ஆபீஸ் போகிற வழியில் ஆவுடை என்னை ஷேக் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். மொய்தீனுக்குக் கடலைமிட்டாய் கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டு, "அண்ணாச்சி, இதுக்கு முன்னாடி எங்கே இருந்தீங்க?" என்றார்.

கூட்டமில்லை. மஜ்லிஸில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினோம். இந்த அறையின் கதவு தெருப்பக்கம் திறக்கிறது, பாருங்கள் என்று காட்டினார். விருந்தாளி தெருவிலிருந்து நேரே இதற்குள் வருவான். நல்ல மெத்தை, நல்ல காப்பி, வீட்டிலேயே நல்ல அறை. அப்படியே தெருவுக்குப் போய்விடுவான். உள்வீட்டை அவன் கண் பார்க்காது.

"அப்போ உள்ள கலவரமே நடந்தாலும் தெரியாதுன்னு சொல்லும்" என்றேன்.

"ராஜமரியாதை கிட்டும். விவரம் கிட்டாது" என்று சிரித்தார்.

மொய்தீனுக்கும் ஒரு மகள் இருக்கிறாளாம். பெண்பிள்ளை பேச்சு வந்ததும் எங்கள் வீட்டில் நான் நடத்திய நாடகத்தைச் சொன்னேன். போன வருஷம் லாரி ஷெட் ஆறுமுகத்தின் மகள் வேறே ஆள் பையனோடு போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது எங்கள் வீட்டிலும் அதே பேச்சு. 'நம்ம வீட்ல நடந்தா என்ன செய்வீக?' என்று கோமு கேட்டாள். நான் எழுந்து, சொம்புத் தண்ணீரை அப்படியே என் தலையில் ஊற்றிக்கொண்டு, "மகளா? எந்த மகள்? தலைமுழுகியாச்சு, சுண்டல் குடு" என்றேன். சட்டையெல்லாம் ஈரம். கோமுவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. லீவில் வந்திருந்த ஆவுடை தரையில் உருண்டான். செண்பாதான் பாவம், தரையெல்லாம் தண்ணீர் என்று துடைக்கத் துணி எடுக்கப் போய்விட்டாள்.

இதை நான் எங்கே சொன்னாலும் சிரிப்பார்கள். மொய்தீன் கூஜாவை வைத்துவிட்டு, "ஆ குட்டி திரும்ப வந்துதோ?" என்று கேட்டார்.

"எந்தக் குட்டி?"

"தரை துடைக்கத் துணி எடுக்கப் போச்சே."

"வந்தா. துடைச்சா. அப்புறம் படுத்துட்டா" என்றேன். கதை சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது. மலையாளத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

ஜனவரி 29, ஞாயிறு

சாத்தூர்க்காரர்கள் இன்றைக்கு வந்திருக்க வேண்டிய நாள். செண்பாவோடு பேசலாம் என்றேன். ஆவுடை போன் போட்டுக் கொடுத்தான். "நல்லா இருக்கீங்களாப்பா, சாப்பிட்டீங்களாப்பா, டைரி எழுதுறீங்களாப்பா?" என்றாள். எழுதுகிறேன் என்றேன். பிறகு நானே, "அடுத்த மாசம் சாத்தூர் அமையலைன்னா விருதுநகர்ல ஒண்ணு இருக்கும்மா" என்றேன். சிக்னல் கட்டாகிவிட்டது.

ஜனவரி 31, செவ்வாய்

வயிறு சரியில்லை. மோர் குடித்தேன்.

சமையல்கட்டில் தாரணி பச்சரிசியில் மஞ்சள்பொடியும் ஒரு சொட்டு நெய்யும் விட்டுப் பிசறி, சின்ன டப்பியில் அடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மூடினாள்.

"என்னம்மா அது?"

"வண்டு வராம இருக்க, மாமா."

அவ்வளவு கொஞ்சம் அரிசிக்கு எந்த வண்டு வரப்போகிறது? ஆனால் படித்த பிள்ளை, சரியாகத்தான் இருக்கும். கோமுவிடம் சொல்ல வேண்டும்.

நாளைக்கு ஆவுடை லீவாம். ஷேக் வீட்டுக்குக் கூட்டிப் போகிறானாம். மூன்றாவது தடவை. ஷேக்கே இத்தனை தடவை விரும்பி அந்த வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்.

பிப்ரவரி 1, புதன்

ஷேக் வீடு. முற்றத்தில் புறாக்கள். இன்றைக்கு எழுதக் கை வரவில்லை.

பிப்ரவரி 2, வியாழன்

நேற்றையதை எழுதிவிடுகிறேன்.

காலையிலேயே கிளம்பினோம். தாரணி அரக்குப் பட்டுச் சேலையும் தலையில் மல்லிகையுமாக வந்தாள். "என்னம்மா, ஷேக் உனக்கு மாமன் முறையா?" என்றேன். சிரிக்கவில்லை. ஆவுடை வழியெல்லாம் மணி பார்த்தான். கதவு திறந்ததும் நாங்கள்தான் முதல் ஆள்.

"நீங்க மொய்தீன் அண்ணன்கூட பேசிட்டு இருங்கப்பா. நாங்க வெளிய முத்தத்துல இருக்கோம்" என்று என்னை மஜ்லிஸில் விட்டுவிட்டுப் போனார்கள். மொய்தீன் ஊற்றினார். ஆட்டினேன். இப்போது நான் தேர்ந்த ஆள். மாடி பார்த்ததில்லையே என்று படியேற்றிக் கூட்டிப்போனார்.

மேலே நீள வராந்தா. முற்றத்தைப் பார்த்த பக்கம் முழுக்க மரச்சட்டத்தில் செதுக்கிய ஜன்னல் தட்டி, பூப்பூவாகத் துளை. ஷேக் வீட்டுப் பெண்கள் இங்கே நின்றுதான் கீழே நடப்பதைப் பார்ப்பார்களாம். நாம் பார்க்கலாம், கீழே இருப்பவர்களுக்கு நாம் தெரியமாட்டோம். ஒரு கண்ணை மூடி, ஒரு பூவுக்குள் கண்ணை வைத்தேன்.

கீழே கல்திட்டில் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. படம் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். திடீரென்று இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். தாரணி கைப்பையிலிருந்து அந்த டப்பியை எடுத்துத் திறந்தாள். ஆவுடை செருப்பைக் கழற்றினான். இரண்டு பேரும் கையில் எடுத்து, போனின் மேல் போட்டார்கள். மறுபடியும் போட்டார்கள். போன் சரிந்து விழுந்தது. தாரணி எடுத்து நிமிர்த்திப் பிடித்தாள். ஆவுடை வலது கையால் போட்டுக்கொண்டே இடது கையால் கண்ணைத் துடைத்தான்.

ஒன்பதாம் வகுப்பு தாண்டாதவனுக்கும் இது தெரியும். மனுஷர்கள் இப்படி எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று மஞ்சள் அரிசி போடுவது, தாலி கட்டும்போது மட்டும்தான்.

முதலில், யாரோ சிநேகிதன் கல்யாணம் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எவ்வளவோ பாடுபட்டேன். சிநேகிதன் கல்யாணத்துக்கு ஆவுடை ஏன் அழுகிறான்? பிறகு வெள்ளையடித்த சுவர் வந்தது. பட்டு வேட்டி வந்தது. குளிக்கிறாள் என்றது, டிக்கெட், சாத்தூர் தீட்டு, விமான நிலைய வாசலில் அந்த அழுகை. லாரியில் பண்டல் ஏறுகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்தது.

"என்ன அண்ணாச்சி? ஆரு கீழே?" என்றார் மொய்தீன்.

"ஒண்ணுமில்ல. ஒரு கல்யாணம்."

"ஆருடே?"

"தெரிஞ்ச பொண்ணு" என்றேன்.

கூரையிலிருந்து புறாக்கள் இறங்கின. நான் படியிறங்கி முற்றத்துக்கு வரும்போது ஒரு அரிசிகூட மிச்சமில்லை. மணலைக் காலால் விலக்கிப் பார்த்தேன். அந்தப் புறாக்களுக்கும் அழைப்பு கிடையாது. ஆனால் அவை சாப்பிட்டுவிட்டன.

"மாமா! ஒரு போட்டோ எடுப்போமா?" என்றாள் தாரணி. கண் சிவந்திருந்தது. மூன்று பேரும் நின்றோம். மொய்தீன் எடுத்தார். "சிரிங்க அண்ணாச்சி" என்றார். நன்றாகவே சிரித்தேன். என் மகள் கல்யாணத்தன்று நான் எடுத்துக்கொண்ட போட்டோ அது.

சாயங்காலம் கோமு கூப்பிட்டாள்.

"என்னட்டி, தொண்டை கட்டிருக்கு?"

"பனி."

"என்ன சமையல்?"

"ரசந்தேன். ரெண்டு பேருக்கு என்ன வைக்க?"

பின்னால் அண்டா உருளுகிற சத்தம் கேட்டது. ரசத்துக்கு அண்டாவா என்று கேட்கவில்லை. எனக்குச் சிக்னல் கட்டாகவில்லை. நானே கட் செய்தேன். எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 3, வெள்ளி

கடைக்குப் போகலாம் என்று ஆவுடை காரில் கூட்டிப் போனான். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஏல, அட்சதை போட்டா போன் கண்ணாடி கீறாதா?"

அவன் மெதுவாக ஓரம் கட்டினான்.

"மேல இருந்தீங்களாப்பா?"

"ஷேக் வீட்டுப் பொம்பளைக நிக்கிற இடத்துல நின்னேன். மாப்பிள்ளை யாரு?"

"மாரீஸ்வரன். ஸ்கேன் சென்டர்ல…"

"தெரியும். டீ குடிச்சிருக்கான் நம்ம வீட்ல."

"அப்பா, நல்ல பையன்பா. அவங்க வீட்ல எல்லாரும்…"

"நல்ல பையன் இல்லைன்னு நான் சொன்னனா? என்கிட்ட கேட்டீங்களால யாராவது? ஒரு வார்த்தை?"

"கேட்டா நீங்க ஒத்துக்க மாட்டீகன்னு செண்பா சொன்னா. அம்மாவும் அதான் சொன்னா. ஊர்ல இருந்தா சண்டை ஆயிரும், நீங்க மண்டபத்துல வந்து நின்னா… அதான் இங்க கூட்டிட்டு வந்தேன். முடிஞ்சதும் நானே சொல்லலாம்னுதான்."

"ஒத்துக்க மாட்டேன்னு எப்படி முடிவு பண்ணுனீக?"

ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான். "சொம்புத் தண்ணியைத் தலைல ஊத்திக் காமிச்சீங்கல்லப்பா."

"ஏல, அது தமாஷுக்குல! நீதான உருண்டு உருண்டு சிரிச்ச?"

"சிரிச்சேன். அவ சிரிக்கல. அடுப்படில நின்னு அழுதிருக்கா. அப்பவே அவங்களுக்குள்ள பேசி வச்சிருக்காக. நீங்க பாக்கல."

துணி எடுக்கத்தான் போனாள் என்று நான் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. கேட்டிருந்தால் சரி என்றிருப்பேனா? இரண்டு நாள் கத்தியிருப்பேன். மூன்றாம் நாள் சாப்பிட்டிருப்பேன். பிறகு நானே பத்திரிகை அடிக்கப் போயிருப்பேன். இது இவர்களில் ஒருத்தருக்குக்கூடவா தெரியாது? இத்தனை வருஷம் ஒரே சோற்றைத் தின்றோமே.

"என் எடத்துல யாரு நின்னா?"

"சங்கரலிங்கம் மாமா."

கோமுவின் தம்பி. அவனிடம் நல்ல வேட்டி கிடையாது.

"என் பட்டு வேட்டியா?"

ஆவுடை தலையாட்டினான். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வந்தவனுக்கு, அந்த இடத்தில்தான் என்னமோ ஆகிவிட்டது. ஏசியைக் குறைக்கச் சொன்னேன். "கடைக்குப் போவோம். உங்கம்மா நான்ஸ்டிக் தோசைக்கல்லு கேட்டா" என்றேன்.

பிப்ரவரி 4, சனி

விமானத்தில் பக்கத்துச் சீட்டுக்காரர், "துபாயில என்ன விசேஷம்?" என்று கேட்டார். "மகள் கல்யாணம்" என்றேன். "அடடே, நல்லா நடந்துச்சா?" "நல்லா நடந்துச்சு. காத்தோட்டமான இடம்" என்றேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

நேற்று ராத்திரி மதுரையில் சித்தப்பா மகன் வீட்டில் தங்கிவிட்டு, இன்று காலை பஸ்ஸில் கோவில்பட்டி வந்தேன். ஆவுடை ஏற்கெனவே சொல்லிவிட்டான். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். வாசலில் வாழைமரம் கட்டிய கயிறு மட்டும் தொங்கியது. கொடியில் என் பட்டு வேட்டி காய்ந்தது. சந்தனக் கறை போகவில்லை.

முன்னறையில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். என் வீட்டில் நான் நுழைந்தால் யாரும் எழுந்து நிற்கிற வழக்கம் கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டாள் கோமு. நல்ல நாற்காலி.

செண்பாவும் அந்தப் பையனும் காலில் விழுந்தார்கள். செண்பாவின் கழுத்தில் புது மஞ்சள் கயிறு. தட்டில் திருநீறு நீட்டினாள் கோமு. பூசினேன். இரண்டு நெற்றியிலும் ஒரே அளவுதான் பூசினேன்.

"அப்பா, ஏதாவது திட்டுங்கப்பா" என்றாள் செண்பா.

"பஸ்ல வந்த அலுப்பும்மா. நாளைக்குத் திட்டுறேன்."

எல்லாரும் சிரிக்கலாமா வேண்டாமா என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். இப்போதுதான் எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் வருகிறது.

கொஞ்ச நேரம் கழித்து, "டைரி எழுதுனீங்களாப்பா?" என்று கேட்டாள்.

"எங்கம்மா? முதல் நாள் பேரு எழுதுனதோட சரி. சோம்பேறித்தனம்" என்றேன். பை என் காலடியில்தான் இருந்தது.

காப்பி வந்தது. எனக்குப் பூப்போட்ட கப்பு, சாசரோடு. ஷோகேஸில் அதன் இடம் காலியாக இருந்ததைப் பார்த்தேன். எதிரே மாரீஸ்வரன் கையில் எவர்சில்வர் டம்ளர். 'பா.வ.' என்று என்னைப் பார்த்தபடி இருந்தது. அவன் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. கையில் கொடுத்ததைக் குடித்தான். குடித்து முடித்ததும், அன்றைக்குப் போலவே, சத்தமில்லாமல் எழுந்து பின்பக்கக் குழாயைப் பார்த்து நடந்தான்.

டிவி ஓடவில்லை.

"மாப்ள" என்றேன். முதல் தடவையாதலால் குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. நின்றுவிட்டான். "டம்ளரை அங்கன வச்சிட்டு உக்காருங்க. வீட்ல கழுவுவாக."

அவன் செண்பாவைப் பார்த்தான். செண்பா தரையைப் பார்த்தாள். டம்ளரை மேஜை மேல் வைத்துவிட்டு, வந்து உட்கார்ந்தான். கோமு அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, காப்பிப் பாத்திரத்தோடு என் பக்கம் வந்து குனிந்தாள்.

எனக்குப் போதும். காலிக் கப்பை இரண்டு விரலில் பிடித்து, மொய்தீன் காட்டியபடி, இடமும் வலமுமாக ஆட்டினேன்.

"என்ன, கை நடுங்குதா உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே கோமு கப்பு நிறைய ஊற்றினாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.